உரித்தே வந்த வெங்காயம்

போன வருடம், ஆனையூரில் எங்கள் சர்ச் அசனத்துக்கு முந்தின நாள் நடந்தது இது. அசனம் என்றால் சபையார் எல்லாரும் சேர்ந்து சமைத்து, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. முந்தின நாள் மத்தியானமே பெண்கள் அவரவர் வீட்டுக் கத்தியோடு வந்துவிடுவோம். எனக்கு எப்போதும் சின்ன வெங்காயம்தான்.

அந்த வேலைக்கு நான் போக ஆரம்பித்தது என் வீட்டுக்காரர் இறந்த வருடம். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும், "அழாதீங்க, மனசைத் தேத்திக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சொல்லுகிறவர்களுக்கு என்ன! வெங்காய மூட்டைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருத்தி மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு கை வெங்காயத்தை அள்ளி என் முன்னால் போட்டாள்.

"அழணும்னா இப்பவே அழுதுருங்கக்கா. இங்க அம்புட்டுப் பேரு கண்ணுலயுந்தான் தண்ணி ஊத்துது, யாரு கேக்கப் போறா?"

அழுது தீர்த்தேன். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே உரித்தாள். அவள் வெளியூர், அசனத்துக்குத்தான் வருவாள். அதன்பிறகு ஒவ்வொரு அசனத்துக்கும் நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்காருவோம். வருடம் முழுக்க அந்த ஒரு மத்தியானத்துக்காகக் காத்துக்கிடப்பேன்.

போன வருடமும் கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு போனேன். எங்கள் பெண்கள் ஒருவரையும் காணோம். கேட்டரிங்குக்கு விட்டுவிட்டார்களாம். வெங்காயம் உரித்தே வந்து பிளாஸ்டிக் பைகளில் இறங்கிக்கொண்டிருந்தது.

"பொம்பளைக எதுக்குக் கஷ்டப்படணும்னுதாங்க்கா. நாளைக்கு வந்து ஜம்முன்னு உக்காந்து சாப்பிடுங்க" என்றார் கமிட்டிக்காரர். நல்ல மனசோடுதான் சொன்னார். சுற்றிய துணியைப் பிரிக்காமலே கத்தியோடு திரும்பி வந்தேன்.

மறுநாள் பந்தியில் அவளைப் பார்த்தேன். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. "நல்லாயிருக்கீங்களாக்கா? பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன்" என்றாள். வேறு என்ன பேசுவது என்று இருவருக்குமே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து, இருந்த வெங்காயத்தை எல்லாம் கொட்டி உரித்தேன். கண் எரிந்தது, தண்ணீர் கொட்டியது. அழுகை மட்டும் வரவில்லை.

இந்த வருடமும் கேட்டரிங்தான். அழுவதற்குக்கூட நாலு பேர் வேண்டியிருக்கிறது. அந்த நாலு பேரை உட்காரவைக்க ஒரு மூட்டை வெங்காயம் போதுமாயிருந்தது, அதைத்தான் கஷ்டம் என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.