கறுப்பி செம்பட்டையானது

எங்கள் மாமாவுக்குச் சிட்டிகை என்ற அளவில் நம்பிக்கை கிடையாது. எதையும் அள்ளிப் போட்டால்தான் அவருக்கு மனம் ஆறும். அம்மாவின் தம்பியான அவர், தெஹியோவிட்டை என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் கன்று வளர்க்கும் நர்சரியில் வேலை பார்த்துக்கொண்டு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் காம்பராவிலேயே இருந்தார்.

எங்களிடம் கறுப்பி என்றொரு பசு இருந்தது. அதன் பாலை அம்மா பஜாரில் முஸ்லிம் நானா ஒருவரின் தேநீர்க் கடைக்கு ஊற்றுவாள். அம்மாவுக்கு ரப்பர்ப் பால்வெட்டு வேலை இல்லாத மழைநாட்களில் எங்கள் அடுப்பு எரிந்தது கறுப்பியின் புண்ணியத்தில்தான்.

ரப்பர் கன்றுகளுக்கிடையே மண் அரிக்காமலிருக்க ஒரு கொடியைப் படரவிடுவார்கள். அந்த வருடம் அதன் விதையில் தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கையா ஒரு வெள்ளைத் தூளைத் துளியளவு கலக்கச் சொன்னார். மொலிப்டினம் என்ற உலோகத்தின் உப்பு அது. இரும்போடு கொஞ்சம் சேர்ந்தால் உருக்கு உறுதிப்படும். கொடியின் வேருக்குக் கொஞ்சம் கிடைத்தால் காற்றிலுள்ள நைதரசனை அது உரமாக்கிக்கொள்ளும். இதெல்லாம் நான் பின்னாளில் படித்தது. மாமா கண்டது கொடி தழைத்ததை மட்டும்தான். "சிட்டிகைக்கே இப்பிடின்னா, டப்பாவோட போட்டா எப்பிடி இருக்கும்!" என்றார். மிச்சத் தூளை எடுத்து வந்து, அடுப்புச் சாம்பலோடு கலந்து, கறுப்பி மேயும் ஓடைக்கரையில் வீசிவிட்டார்.

அங்கே தானாகப் படர்ந்திருந்த அதே கொடியும் கரும்பச்சையாக எழுந்தது. கறுப்பி ஆசையாகத் தின்றது. சில வாரங்களில் கழிச்சல் கண்டு, பால் வற்றியது. பிறகு அதன் கறுப்பு மங்கித் துருவேறிய தகரம்போலாயிற்று. கண்ணைச் சுற்றி மயிர் நரைத்து, மூக்குக்கண்ணாடி போட்ட மாதிரி இருந்தது. நான் அதை டீச்சர் என்று கூப்பிட்டுச் சிரித்தேன். வீட்டில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று அம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள். யார் கண் என்பதையும் அவளே முடிவு செய்தாள். பக்கத்துக் காம்பராக்காரரை நான் சித்தி என்பேன். உறவில்லை, ஆனால் அம்மா வெட்டுக்குப் போன காலைகளில் எனக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவர் அவர்தான். "எண்ணெ தேச்ச மாதிரி மின்னுதே" என்று ஒருநாள் கறுப்பியைத் தடவிச் சொல்லியிருந்தார். அது போதும். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் எல்லோரும் பார்க்க அம்மா கத்தினாள்: "புள்ளையில்லாத கண்ணு! அதான் என் மாட்டுல பட்டிருச்சு!"

சித்தி பாதி நிறைந்த வாளியோடு போய்விட்டார்.

மாமா போய் மாட்டு டாக்டரை அழைத்து வந்தார். புல்லுக்கு ஏதாவது போட்டீர்களா என்று அவர் சிங்களத்தில் கேட்டதும், "ஓவ் மாத்தயா", ஆமாம் ஐயா, என்று மாமா பெருமையோடு டப்பாவைக் கொண்டுவந்து காட்டினார். டாக்டர் அதில் எழுதியிருந்ததை வாசித்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த உலோகம் உயிர்களுக்குத் துளியளவு வேண்டியதுதான். மிஞ்சினால் மாட்டின் உடம்பில் செம்புச் சத்து சேரவிடாது, செம்பில்லாவிட்டால் மயிர் கறுக்காது என்றார். அந்த நிலத்துண்டை வேலியடைக்க வேண்டும், மண் ஓடைக்குள் அரித்துப் போகாமல் வரம்பு கட்ட வேண்டும், கீழேயும் மாடுகள் தண்ணீர் குடிக்கின்றன என்றார். அம்மாவுக்கு அதைத் தமிழில் சொல்லச் சொல்ல மாமாவின் குரல் இறங்கிக்கொண்டே போனது. டாக்டர் பையிலிருந்து எடுத்த செம்பு மருந்தைக் கூடுதலாகக் கொடுத்தால் சீக்கிரம் குணமாகுமா என்று மட்டும் மாமா கேட்டார். டாக்டர் போத்தலை அம்மாவின் கையில் கொடுத்தார்.

கறுப்பி பிழைத்தது. தோலில் புது மயிர் கறுப்பாக முளைத்தது. பால் திரும்பிய அன்று அம்மா கடைக்கு ஊற்றவில்லை. தூக்குச்சட்டி நிறைய என்னிடம் தந்து, "சித்திகிட்ட குடு. அம்மா குடுக்கச் சொன்னாங்கன்னு சொல்லு" என்றாள்.

சித்தி வாங்கிக்கொண்டார். பாலைத் தன் பாத்திரத்தில் ஊற்றி, சட்டியைக் கழுவித் துடைத்துத் தந்தார். நான் ஓடிவந்து, "கழுவியே குடுத்துட்டாங்கம்மா!" என்றேன்.

எங்கள் லயத்தில் யாரும் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புவதில்லை. ஒரு பிடி அரிசியாவது, இரண்டு வெங்காயமாவது போட்டுத்தான் தருவார்கள். அம்மா மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். மறுபடி மூடி, மறுபடி திறந்தாள். பளபளவென்றிருந்த சட்டியில் அவள் எதைத் தேடினாள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.