ஹம்பியில் கேட்ட வெடி

தீபாவளி முடிந்து ஊரே பட்டாசுக் குப்பையைக் கூட்டிக்கொண்டிருக்கும் வாரத்தில்தான் எங்களுக்கு லீவு. நாடெல்லாம் வெடித்து ஓய்ந்த பிறகு, வெடி செய்த நாங்கள் ஓய்வோம். சிவகாசியை அடுத்த எங்கள் தாயில்பட்டிப் பக்கம் ஒவ்வொரு பட்டாசுக் கம்பெனியாகப் பூட்டு விழும். மறுபடி பூஜை போட்டுத் திறக்கிறவரை வீட்டில் சும்மா இருக்கத் தெரியாமல் ஆளாளுக்கு வேன் பிடித்துக் கிளம்புவோம். வழக்கமாகத் திருச்செந்தூர், ராமேஸ்வரம், மிஞ்சிப்போனால் குற்றாலம். போன வருடம் எங்கள் பேக்கிங் செக்‌ஷன் பெண்களுக்குத் திடீரென்று அறிவு விரிந்துவிட்டது. ஹம்பிக்குப் போகலாம் என்றார்கள். யாரோ ஒருத்தி யூடியூபில் பார்த்திருக்கிறாள். அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டேன். பாறை என்றாள்.

சாமி கும்பிடலாம், கடல் பார்க்கலாம், அருவியில் குளிக்கலாம். பாறையை என்ன செய்வது? எங்கள் ஊரில் நாயை விரட்டக் கல் தேடினாலும் கரிசல் கட்டிதான் கையில் வரும், அதனால் கல்லுக்கு ஏங்கிப்போனோம் போலிருக்கிறது. ஒரு பகலும் ஒரு ராத்திரியும் வேனில் இடுப்பொடிய உட்கார்ந்து போய்க் கல்லைப் பார்ப்பது என்று ஏகமனதாக முடிவானது.

நான் போவதாக இல்லை. என்னைப் போகச் சொல்லி விடாப்பிடியாக நின்றவர் என் வீட்டுக்காரர்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் மருந்து அறையில் வேலை பார்த்தவர். வெடிக்குள் போகிற ரசாயனப் பொடிக்கு எங்கள் பக்கம் மருந்து என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவருக்கு நல்ல குசும்பு. அதற்கு முந்தின வருடம் ஒருநாள் காலையில் மருந்து கலக்கும்போது தீப்பற்றி, இவர் வாசல் வழியாக வெளியே விழுந்தார். இடது கை வெந்து இரண்டு விரல் ஒட்டிப்போனது. கூட வேலை பார்த்தவர் வெளியே வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றே இவரை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய், சூடம் அணைத்துச் சத்தியம் வாங்கினேன். இனிமேல் மருந்து அறைப் பக்கம் கால் வைக்கக் கூடாது. சரி என்றார். அன்றிலிருந்து ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். நான் பேக்கிங்குக்குப் போய் வந்தேன். மகள் மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். குடும்பம் எப்படியோ ஓடியது.

"நீ போயிட்டு வா புள்ள. நான் ஆட்டப் பாத்துக்கிட்டு வீட்டுல கெடக்கேன். எம்புட்டு நாளைக்கு இதே மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருப்ப?" என்றார். அதோடு விட்டாரா. பையை அவரே எடுத்துவைத்தார், தேங்காய் எண்ணெய் பாட்டிலை இரண்டு பாலிதீன் பையில் கட்டி உள்ளே செருகினார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் பைக்குள் அவர் கை போனதே கிடையாது. பாசம் பொத்துக்கொண்டு வருகிறது என்று நினைத்தேன். வேனில் பக்கத்தில் இருந்த மதினியிடம், அதாவது அவருடைய அக்காவிடம், பெருமையாகச் சொல்லவும் செய்தேன். மதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அவன் சின்னதுலருந்தே அப்பிடித்தான்" என்றாள்.

ஹம்பி வந்தது. குறை சொல்லக் கூடாது, பாறைக்குப் பஞ்சமே இல்லை. திரும்பின பக்கமெல்லாம் பாறை. ஒன்றின் தலையில் ஒன்று, அதன் தலையில் இன்னொன்று, இப்போது விழவா அப்புறம் விழவா என்று கேட்கிற மாதிரி நிற்கின்றன. சுற்றுலா வந்தவர்களெல்லாம் வாயைப் பிளந்து படம் எடுத்தார்கள். நாங்கள் பார்த்த பார்வை வேறு. எங்கள் கம்பெனியில் ஒரு அறைக்கும் அடுத்த அறைக்கும் இத்தனை தூரம் இருக்க வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்குப் பார்க்கிற அதிகாரி இங்கே வந்தால் மொத்த ஹம்பிக்கும் சீல் வைத்துவிட்டுப் போவார். எங்கள் ஊர் நிலத்துக்காரர்களில் சில குடும்பங்கள், எங்கள் முன்னோர் அந்தக் காலத்து ராஜாக்களோடு இந்தப் பக்கத்திலிருந்துதான் தெற்கே வந்தார்கள் என்று மீசையை முறுக்குவார்கள். ஏன் கிளம்பி வந்தார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. இவ்வளவு பாறையில் எங்கே பருத்தி விதைப்பது?

கைடு ஒருவர் கிடைத்தார். நடுத்தர வயது. சினிமா பார்த்துப் படித்த தமிழ், அதனால் எங்களிடம் பேசும்போதெல்லாம் ஹீரோ வில்லனிடம் பேசுகிற மாதிரியே பேசினார். இந்த வீதியில் வைரத்தையும் முத்தையும் கொட்டி வைத்து விற்றார்களாம். இப்போது வெள்ளரிக்காய் விற்கிறார்கள், அதையும் உப்பு மிளகாய்ப்பொடி போட்டு. கல்தேரைக் காட்டி, ஐம்பது ரூபாய் நோட்டில் இருப்பது இதுதான் என்றார். உடனே ஆளுக்கொரு நோட்டை எடுத்துத் தேருக்கு நேராகப் பிடித்துச் சரிபார்த்தோம். நாங்கள் காலண்டர் அச்சடிக்கிற ஊர்க்காரர்கள். கலர் கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கிறது, சிவகாசியில் கொடுத்திருந்தால் சுத்தமாக முடித்திருப்பார்கள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நகர்ந்தோம்.

மண்டபம் மண்டபமாக நுழையும்போதுதான் எங்கள் வண்டவாளம் வெளியே தெரிந்தது. எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு செப்புத்தகடு அடித்திருக்கும். உடம்பில் இருக்கிற கரண்டு பூமிக்குப் போக, அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். தொட்டுத் தொட்டு அது பழகிவிட்டது. அங்கேயும் ஒவ்வொருத்தியும் செருப்பைக் கழற்றிவிட்டு, வாசல் தூணை உள்ளங்கையால் தொட்டுவிட்டு உள்ளே போனோம். கைடு நெகிழ்ந்துபோனார். இவ்வளவு பக்தியுள்ள கூட்டத்தைத் தான் பார்த்ததே இல்லை என்று பக்கத்துக் கைடிடம் சொன்னார். நாங்களும் மறுக்கவில்லை. கிடைக்கிற மரியாதையை ஏன் விட வேண்டும்?

பிறகு யானை கட்டுகிற லாயம். நீளமான கட்டடம், வரிசையாக அறைகள், அறைக்கு ஒரு பெரிய வாசல். அசல் எங்கள் கம்பெனி ஷெட்தான், கொஞ்சம் அழகாகக் கட்டியிருக்கிறார்கள், அவ்வளவே. எங்கள் கூட்டம் முழுக்க ஒரே அறைக்குள் புகுந்து படம் எடுக்க நின்றது. கம்பெனியில் ஒரு அறைக்கு நாலு பேர்தான் என்பது சட்டம். மதினிக்குப் பொறுக்கவில்லை.

"நாலு பேருக்கு மேல நிக்காதீக. மிச்சப்பேரு அடுத்த ரூமுக்குப் போங்க" என்று விரட்டினாள்.

விரட்டியதுகூடப் பெரிதில்லை, நாங்கள் அப்படியே பிரிந்து அடுத்தடுத்த அறைக்குப் போய் நின்றோம். யானை நின்ற இடத்தில் நாலு நாலு பேராக நின்று சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

ஒரே ஒரு வெடி. அது பாறைகளில் மோதி இன்னும் பெரிதாகத் திரும்பி வந்தது. அதன் பிறகு தொடர்ச்சியாக.

யாரும் கத்தவில்லை. எங்கள் ஊரில் சத்தம் கேட்டால் கத்துவதற்கு நேரம் கிடையாது. எல்லா அறையிலிருந்தும் வெளியே பாய்ந்து, சுவரை விட்டு விலகி, புல்வெளியில் ஆளுக்கொரு பக்கம் சிதறி ஓடினோம். ஓடிக்கொண்டே வானத்தில் புகை எந்தத் திசையில் எழும்புகிறது என்று பார்த்தோம். எங்களைப் பார்த்து ஒரு வடநாட்டுக் குடும்பமும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது. பாவம், ஏன் ஓடுகிறோம் என்று கேட்க அவர்களுக்குத் தமிழ் தெரியாது.

நின்றதும் எல்லோர் கையிலும் போன். இதையும் யாரும் சொல்லித்தரவில்லை. சத்தம் கேட்டால் வீட்டுக்கு அடிப்போம். எந்தக் கம்பெனி, யார் உள்ளே, யார் வெளியே. புல்வெளி முழுக்க அதே கேள்வி.

"எந்தக் கம்பெனில? சத்தம் பலமா கேட்டுச்சே."

"இங்கன ஒண்ணும் கேக்கலையே. நீங்க இப்ப எங்கன இருக்கீக?" என்று மதினியின் மருமகள் கேட்டது ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது.

"ஹம்பியில" என்றாள் மதினி. சொல்லி முடித்ததும்தான் அவளுக்கே உறைத்தது.

ஊருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு முழு மாநிலம் கிடக்கிறது. அங்கே வெடித்தால் இங்கே எப்படிக் கேட்கும் என்ற சின்ன விஷயம் ஒருத்திக்கும் தோன்றவில்லை. கைடு மூச்சிரைக்க வந்து, பக்கத்து ஊரில் கல்யாண ஊர்வலம், மாப்பிள்ளை வீட்டார் வெடி போடுகிறார்கள் என்றார். சிரித்துச் சிரித்துச் சிலருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மதினி தலையைச் சாய்த்து ஊன்றிக் கேட்டுவிட்டு, "நம்ம பக்கத்துச் சரக்குதான்" என்று சான்றிதழும் கொடுத்தாள்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நான் போட்ட போன் அங்கே இன்னும் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். முழுக்க அடித்து ஓய்ந்தது.

ஆடு மேய்க்கிறவர் போனை எடுப்பார். ஆட்டுக்கு ஒன்றும் அதில் ஆட்சேபணை கிடையாது. முதல் ரிங்கிலேயே எடுத்து, "சொல்லு" என்பார். எங்கள் பக்கம் ஒரு போன் பட்டப்பகலில் அடித்துக்கொண்டே இருந்து யாரும் எடுக்காமல் ஓய்கிறது என்றால், அது கிடக்கிற இடம் ஒன்றுதான். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் ஒரு மரப்பெட்டி இருக்கும், அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்தப் பெட்டி எனக்குத் தெரியாததா?

மதினி முகத்தைப் பார்த்தேன். அவள் வெகு தீவிரமாகப் பாறையை ரசித்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, எந்தக் கம்பெனிக்குப் போயிருக்காக?"

"அவன் பழைய கம்பெனிய இந்தத் தடவ வெள்ளனத்துலயே பூஜை போட்டுத் தொறந்துட்டாகளாம். மருந்துக்கு ஆளு இல்லைன்னு கூப்பிட்டாக. உனக்குத் தெரிஞ்சா விடமாட்டேன்னுதான்..." என்று இழுத்தாள். "ஒண்ணும் ஆகாது தாயி. நீ பாறையப் பாரு."

பார்த்தேன். வேறென்ன செய்ய? எண்ணெய் பாட்டிலுக்கு இரண்டு பை கட்டியது எந்தப் பாசத்தில் என்று இப்போது விளங்கியது. என்னைக் கல் பார்க்க வண்டியேற்றிவிட்டு, மாரியம்மனுக்குக் கொடுத்த வாக்கைக் காற்றில் விட்டுவிட்டு மனிதர் வேலைக்குப் போயிருக்கிறார். அதன் பிறகு ராணி குளித்த தொட்டியைக் காட்டினார்கள், நரசிம்மரைக் காட்டினார்கள், தராசுக் கம்பத்தைக் காட்டினார்கள். ராஜா தன் எடைக்கு எடை பொன் கொடுத்தாராம். கொடுக்கட்டும். என் கண் போனில் இருந்தது. உள்ளே ஏதாவது ஆகியிருந்தால் இந்நேரம் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று ஒரு மனசு சொன்னது. அவர்கள் போனும்தானே பெட்டியில் கிடக்கும் என்று இன்னொரு மனசு சொன்னது. சாப்பாடு இறங்கவில்லை. இவருக்கு மட்டும் ஏதாவது ஆகட்டும், அப்புறம் இவரை நானே கொன்றுவிடுவேன் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் சூரியன் மறைவதைப் பார்க்க எங்களை ஒரு பாறைக் குன்றில் ஏற்றினார்கள். ஏறி உட்காரும்போது போன் அடித்தது. வீடியோ கால்.

குளித்துத் தலை சீவி, வெளுத்த சட்டை போட்டு, வீட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "ஆட்டோட போனேன் புள்ள, போன வீட்டுலயே வச்சுட்டேன். எங்க, பாறையக் காட்டு பாப்போம்" என்றார்.

காது மடலுக்குப் பின்னால், மருந்தில் சேர்க்கிற அலுமினியப் பொடி வெள்ளி மாதிரி மினுங்கியது. எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த இடத்தில் கொஞ்சம் தங்கும். அத்தனை வருடம் அவர் முதுகு தேய்த்துவிட்டவளுக்குத் தெரியாதா?

"காதுக்குப் பின்னால தொடைச்சிட்டாவது போன் போட்டிருக்கலாம்" என்றேன்.

கையைக் கொண்டுபோய்க் காதைத் தொட்டுப் பார்த்தார். ஒட்டிப்போன விரல்கள் உள்ள கை. மேற்கொண்டு பொய் சொல்லவில்லை. நான் காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த அத்தனையையும் கொட்டினேன். சத்தியத்தைச் சொன்னேன், வெளியே வராமல் போனவரைச் சொன்னேன், மகளைச் சொன்னேன். சுற்றிலும் ஊர் உலகமெல்லாம் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் அவர் கேட்டார்.

"காலையில எத்தன தடவ அடிச்ச?"

"அதுக்கு என்ன இப்போ? ரெண்டு தடவ. எடுக்கலன்னதும் உசுரே போச்சு."

"நான் ஒரு வருசமா அடிக்கேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "நீ பேக்கிங்ல இருப்ப, நான் ஆட்டோட ஓடைக்கரையில நிப்பேன். எங்கனயாவது சத்தம் கேக்கும். உனக்குத்தான் அடிப்பேன். பெட்டிக்குள்ள கெடக்கும்னு தெரியும், தெரிஞ்சும் அடிப்பேன். நீ சாயங்காலம் வேன்ல வந்து எறங்குறவரைக்கும் நான் நானா இருக்கமாட்டேன். வெளிய நின்னு கேக்குறதுக்கு உள்ள இருக்கிறது தேவல புள்ள. என்னால முடியல."

சாயங்காலம் பெட்டியிலிருந்து போனை எடுக்கும்போது அவருடைய மிஸ்டு கால் இருக்கும்தான். ரேஷன் கடையில் சரக்கு வந்திருக்கிறது என்று சொல்ல அடித்திருப்பார் என்று விட்டுவிடுவேன். மருந்து அறைக்குப் போக மாட்டேன் என்று அவரிடம் சத்தியம் வாங்கிய மகராசி, மறுநாள் காலையிலேயே இன்னொரு பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறி உட்கார்ந்தவள்தான். என்னிடம் யாரும் சத்தியம் கேட்கவில்லை. மாரியம்மனும் கேட்கவில்லை.

"சிக்னல் கட்டாகுது" என்றேன். கட்டாகவில்லை. அவரும் சரி என்று வைத்துவிட்டார்.

ஊர் திரும்பிய அடுத்த வாரம் எங்கள் கம்பெனியும் பூஜை போட்டுத் திறந்தது. ஆடுகளை விற்றுவிட்டோம். காலையில் அவர் வேன் முதலில் வருகிறது, என் வேன் பின்னாலேயே வருகிறது. வெளியே நின்று பயப்பட வீட்டில் இப்போது ஆள் கிடையாது, அந்த மட்டில் நிம்மதி. என் போன் ஒரு கேட்டில், அவர் போன் இன்னொரு கேட்டில். போன மாதம் எங்கள் ஊருக்கு அடுத்த வெம்பக்கோட்டைப் பக்கம் எங்கேயோ வெடித்துச் செய்தியில் காட்டியிருக்கிறார்கள். அன்றைக்குச் சாயங்காலம் பெட்டியிலிருந்து போனை எடுத்துப் பார்த்தேன். மகளிடமிருந்து பதினேழு மிஸ்டு கால்.