லெஸ்டர் கேடியின் இடது தோள்

என் மனைவி வெர்னாவோடு யார் வீட்டுக்கும் விருந்துக்குப் போக எனக்குப் பயம். கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு பேஸ்பால் ஜெர்சியை மாட்டியிருந்தால் போதும், வம்பு தொடங்கிவிடும். கையில் தட்டோடு அதன் முன்னால் போய் நிற்பாள். வீட்டுக்காரர் பெருமையாக, "ஆட்டத்துல போட்டிருந்த சட்டைங்க, கடையில வாங்கினது இல்ல" என்பார். இவள் குனிந்து பார்த்து, நிமிர்ந்து பார்த்து, மூக்கைக் கண்ணாடியில் ஒட்டியும் பார்த்துவிட்டு, "எந்த ஆட்டத்துல? சீட்டாட்டத்துலயா?" என்று கேட்பாள். இப்படி இரண்டு மச்சான்களையும் ஒரு பாதிரியாரையும் நாங்கள் இழந்திருக்கிறோம்.

எங்கள் ஊரான சாண்டஸ்கியில் நகரப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். நான் ஏரிக்கரையில் படகு எஞ்சின் பழுது பார்க்கிறேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. மாடியில் இருக்கும் இரண்டு அறைகளும் ஜெர்சிகளுக்கு என்று ஆகிவிட்டன. அங்கே வெயில் வரக்கூடாது, ஈரம் வரக்கூடாது, காபியோடு நான் வரக்கூடாது. எல்லாமே எங்கள் ஊர்க் குழுவான ஹெரன்ஸின் சட்டைகள். வெள்ளைக் கம்பளித் துணியில் நீலக் கோடுகள், முதுகில் எண். அறுபத்தெட்டாம் வருடம் குழுவை இழுத்து மூடியபோது, ஆளுக்கொன்றாகச் சட்டையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஒரு சட்டை மைதானத்தைக் கண்டதா இல்லையா என்று சொல்வதில் அவள் பிடித்தால் உடும்புப் பிடிதான். வலக்கை ஆட்டக்காரன் தன் முறைக்காகக் காத்திருக்கும்போது மட்டையை வலது தோளில் சாய்த்து வைப்பான். பிடிப்புக்காக மட்டையில் தடவிய கருப்புப் பிசின் அங்கே ஏறும், துணியும் அங்கேதான் தேயும். தரையில் சறுக்கிப் பாய்கிறவனுக்கு இடுப்புப் பக்கம் தேயும். இந்தக் காலத்தில் தேய்ந்த சட்டைக்கு நல்ல விலை இருப்பதால், புதுச் சட்டையைத் தேயிலைச் சாயத்தில் முக்கி, உப்புத்தாளால் தோளைத் தேய்த்து விற்கிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டால் வெர்னாவுக்கு ஆகாது. நான் அவசரத்தில் அடுப்படித் துண்டில் எஞ்சின் மசகைத் துடைத்தால்கூட, "ஏன், இதையும் பழசாக்கி விக்கப்போறியா?" என்பாள்.

பழைய மைதானத்தைப் புதுப்பித்து, நுழைவாயிலில் ஹெரன்ஸுக்கு என்று ஒரு நினைவுச் சுவர் எழுப்பத் தீர்மானித்தார்கள். அதில் உண்மையான ஆட்டச் சட்டைகள் மட்டும்தான் தொங்கவேண்டும் என்று, சோதித்துச் சொல்வதற்கு ஹால்ஸ்டெட் என்பவரை அமர்த்தினார்கள். நல்ல மனிதர். வெர்னாவைப் போல அவருக்கும் இதே கிறுக்குத்தான், கூலி வாங்குவது மட்டும்தான் வித்தியாசம். அவர் போலி என்று ஒதுக்கிய ஒரு சட்டையை ஒரு தலையணை உறையில் சுருட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள் கொரின் கேடி.

லெஸ்டர் கேடியின் மகள் அவள். லெஸ்டர், ஹெரன்ஸின் இருபத்தேழாம் எண். மைதானத்தில் மூன்றாம் தளத்தைக் காத்து நின்றால் பந்து அவரைத் தாண்டிப் போகாது என்று ஊரே பேசிய ஆள். குழு கலைந்த பிறகு காகித ஆலையில் வேலை பார்த்து, கொரின் எங்களிடம் வந்ததற்குச் சற்று முந்தைய குளிர்காலத்தில்தான் காலமாகியிருந்தார். சட்டை அவர் பெட்டியின் அடியில் கிடந்தது. கொரினுக்கு ஐம்பது வயது, பள்ளிச் சமையலறையில் வேலை. அழுகிற ஆள் போலத் தெரியவில்லை. ஆனால் அன்றைக்குக் கண் சிவந்திருந்தது.

"நான் உப்புத்தாள் போட்டுத் தேச்சிருக்கேனாம், மிஸஸ் டுடெக். எங்கப்பா வலக்கைக்காரர், ஆனா இடது தோள்தான் தேஞ்சிருக்கு, அதனால இது ஏமாத்து வேலைங்கிறாங்க. ஊர்ல அதுக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சு. இன்னிக்கு ரொட்டிக் கடையில ஒருத்தி கேக்குறா, 'என்ன கொரின், சட்டை வியாபாரம் எப்படிப் போகுது?'ன்னு" என்றாள் வெர்னாவிடம்.

வெர்னா சட்டையை விரித்துப் போட்டாள். வலது தோளில் பிசின் கறை இருந்தது, இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. இடது தோளிலோ உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு. நீலக் கோடுகள் அங்கே மங்கிப்போய் ஒன்றோடொன்று கலந்திருந்தன. மேலிருந்து இரண்டாவது பட்டன் நசுங்கி, ஓரம் சிதைந்திருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன்.

"இதை என்கிட்ட கொண்டுவந்திருந்தா நானும் இப்படித்தான் சொல்லியிருப்பேன்" என்றாள்.

கொரின் தலையணை உறையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "உட்காரு. இன்னும் முடியலை" என்றாள் வெர்னா. திட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். "உப்புத்தாள் தேச்சா துணி மெலியணும். இது தடிச்சிருக்கு. எனக்குப் புரியலை. புரியாம நான் எதையும் விட்டதில்ல."

"கல்யாணத்துக்கு முன்னாடி என்னைப் பத்தியும் இப்படித்தான் சொன்னா" என்றேன் கொரினிடம். அவள் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சமையல் என் தலையில் விழுந்தது. வெர்னா வண்டியை நிறுத்தியதும் நேரே நூலகத்துக்குப் போவாள். ஊர்ப் பத்திரிகைக்காரர்கள் எடுத்த பழைய படங்கள் அங்கே பெட்டி பெட்டியாக இருந்தன. அவள் தேடியது லெஸ்டரின் முகத்தை அல்ல, முதுகை. எண்களை வெட்டிக் கையால் வைத்துத் தைத்த காலம் அது. இரண்டு என்ற எண்ணின் வால் எந்தக் கோட்டில் முடிகிறது, ஏழின் கால் எந்தக் கோட்டை வெட்டுகிறது என்பது சட்டைக்குச் சட்டை மாறும். கைரேகை மாதிரி. வாரக் கணக்கில் தேடி, கடைசி ஆட்டத்தில் அவர் முதுகு தெளிவாகத் தெரிகிற படம் ஒன்றைப் பிடித்துவிட்டாள். வால், கால், கோடு எல்லாம் அச்சு அசலாகப் பொருந்தின. அதே சட்டைதான்.

ஓவென்று கத்தியபடி வீட்டுக்குள் வந்தாள். நான் பியரோகி என்கிற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையை வதக்கிக்கொண்டிருந்தேன், கரண்டியோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அப்புறம் படத்தை விளக்கடியில் வைத்து இன்னொரு முறை பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

படத்தில் லெஸ்டர் கொஞ்சம் திரும்பி நிற்கிறார். இடது தோள் தெரிகிறது. அதில் திட்டு இல்லை, ஒரு கீறல்கூட இல்லை.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. கடைசி ஆட்டத்தன்று தோள் நன்றாக இருந்தது என்றால், அது தேய்ந்தது அதற்குப் பிறகுதானே! சட்டை உண்மையானது என்று காட்டும் அதே படம், பிறகு யாரோ வேண்டுமென்றே தேய்த்தார்கள் என்றும் காட்டியது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டோம்.

"படத்தைக் கிழிச்சுப் போட்டுடலாமா?" என்றேன். பாதி விளையாட்டாகத்தான் சொன்னேன்.

"ஆர்னி, இன்னொரு தடவை அப்படிப் பேசினே, நீ படுக்கிறது படகுலதான்."

மறுநாளே கொரினைக் கூப்பிட்டு, எதையும் மறைக்காமல் படத்தைக் காட்டினாள். கொரின் படத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"அப்போ நீங்களும் என்னைச் சந்தேகப்படுறீங்களா?"

"நீ தேய்க்கலைன்னா வேற ஏதோ தேய்ச்சிருக்கு. அது என்னன்னு எனக்குத் தெரியணும். குழு கலைஞ்சப்புறம் உங்கப்பா இந்தச் சட்டையை என்ன பண்ணினார்?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் அந்த அக்டோபர்லதான் பொறந்தேன்." கொரின் குரல் தடித்தது. "அவர் என்கிட்ட அதிகமாப் பேசினதே இல்ல, வெர்னா. அம்மா ஆஸ்பத்திரியில ராத்திரி வேலை, பகல்ல தூங்குவாங்க. அப்பா ஆலையிலேர்ந்து வருவார், சாப்பிடுவார், ரேடியோ கேப்பார். ஒரு நாள் என் தலையைத் தடவினதா எனக்கு ஞாபகம் இல்ல. அந்தச் சுவர்ல அவர் சட்டை தொங்கினா, ஊர்ல மத்தவங்க சொல்ற அந்த லெஸ்டரையாவது நான் பார்த்துக்குவேன். அதுக்குத்தான் இவ்வளவும். இப்போ அதுவும் போச்சு."

அன்று வெர்னா சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை.

அவள் விடவில்லை. முதுகுப்பை வாரால் இப்படித் தேயுமா என்று பார்க்க, என் பழைய கம்பளிச் சட்டையை எனக்கு மாட்டி, பையில் செங்கல் வைத்துத் தெருவில் நடக்கவிட்டாள். மீன் தூண்டில் கழி, ஏணி, பனி அள்ளும் மண்வெட்டி என்று வரிசையாக என் இடது தோளில் ஏற்றினாள். பக்கத்து வீட்டுக்காரன் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "ஆர்னி, என்ன தப்பு பண்ணினே?" என்று கேட்டான். எல்லாமே துணியை மெலியவைத்தன. எதுவுமே தடிக்கவைக்கவில்லை.

விடை அவளுடைய பேருந்திலேயே ஏறியது. ஒரு இளைஞன், தோளில் கைக்குழந்தை. குழந்தைக்குப் பல் முளைக்கிற பருவம். முகத்தை அவன் தோளில் இப்படியும் அப்படியும் தேய்த்து, எச்சில் ஒழுக, சட்டை விளிம்பைச் சப்பிக்கொண்டிருந்தது. வெர்னா கண்ணாடியில் அதையே பார்த்துக்கொண்டு ஓட்டியதில், நிற்கவேண்டிய நிறுத்தம் பின்னால் போய்விட்டது. உள்ளே ஒரே கூச்சல். வண்டியை ஓரங்கட்டியவள், மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக எழுந்து அந்தப் பையனிடம் போனாள்.

"ஏம்ப்பா, எப்பவும் இடது தோள்லதான் போட்டுக்குவியா?"

"ஆமாங்க. கதவு தொறக்க, பால் புட்டி எடுக்க வலது கை வேணுமே" என்றான், கொஞ்சம் மிரண்டுபோய்.

இரண்டு பிள்ளை பெற்றவள் யாராவது, கொரினைப் போலக் கலங்கிப்போகாமல், அந்தத் திட்டைப் பார்த்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாள். மைதானத்தில் ஒரு சட்டை படக்கூடிய அத்தனை பாட்டையும் அறிந்த என் மனைவிக்கு, வீட்டில் ஒரு சட்டை படும் பாடு தெரியவில்லை. எங்களுக்கு அது வாய்க்கவில்லை, அவ்வளவுதான். பேருந்தில் கண்டதை அன்றிரவு என்னிடம் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கம்பளி ஈரத்தில் மெல்லத் தேய்ந்தால் மெலியாது, சடைபிடித்துத் தடிக்கும். கொரின் வந்ததும் வெர்னா பூதக்கண்ணாடியை அவள் கையில் கொடுத்து, நசுங்கிய பட்டனைக் காட்டினாள். "நான் எதுவும் சொல்லமாட்டேன். நீ ரெண்டு பிள்ளை வளர்த்தவ. பார்த்துட்டு நீயே சொல்லு."

கொரின் பார்த்தாள். பட்டனின் விளிம்பில் குட்டிக் குட்டிக் குழிகள், இரண்டிரண்டாக.

"பல்லு" என்றாள். "கீழ்ப்பல்லு ரெண்டும் முதல்ல முளைக்குமே, அது." பிறகு சட்டையின் தோளைப் பார்த்தாள். அந்த வீட்டில் அவளைத் தவிர வேறு பிள்ளை இருந்ததில்லை. "ராத்திரியில அம்மா வீட்டுல இருக்கமாட்டாங்க" என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள். "அப்போ என்னை... எத்தனை நாள் தூக்கிட்டு நடந்தா இப்படித் தேயும்?"

"நாள் இல்ல கொரின். மாசக் கணக்கு" என்றாள் வெர்னா. அதற்குப் பிறகு கொரின் அழுதாள். நான் அடுப்படிக்குப் போய், தேவையில்லாமல் காபி போட்டேன்.

நாங்கள் போய் விஷயத்தைச் சொன்னதும், ஹால்ஸ்டெட் படத்தையும் சட்டையையும் அருகருகே வைத்து அரைமணி நேரம் பார்த்தார். பூதக்கண்ணாடியை வைத்துவிட்டுக் கொரினிடம் எழுந்து வந்து, "நான் சொன்னது தப்பு. உங்ககிட்ட மன்னிப்பு கேட்டுக்கிறேன். ஊர்லயும் நானே சொல்றேன்" என்றார். சொன்னபடியே செய்தார்.

அன்று அவர் அதோடு நின்றிருக்கலாம். "ஆட்டத்துல போட்டதுதான், சந்தேகமே இல்ல. ஆனா சுவருக்கு ஒரு விதி இருக்கு. மைதானத்துல எப்படி இருந்ததோ அப்படித்தான் வைக்கணும். வீட்டுத் தேய்மானம் கணக்குல வராது. பயப்படாதீங்க, எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா இருக்காங்க. ஆவி காட்டிச் சீவி, அந்தத் தோளைப் பழையபடி ஆக்கிடுவாங்க. அந்தக் காலத்துப் பட்டன் ஒண்ணு என்கிட்டயே இருக்கு."

நியாயமாகப் பார்த்தால் வெர்னாவும் இத்தனை வருடமாக அதே கட்சிதான். வீட்டில் போட்டுக் கெடுத்த சட்டையைக் கண்டாலே திட்டுகிறவள். நான் அவளைப் பார்த்தேன். அவள் கொரினைப் பார்த்தாள்.

கொரின் சட்டையை மேசையிலிருந்து தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "தொடாதீங்க" என்றாள். "சுவர்ல வேற யாரோடதையாவது மாட்டிக்குங்க."

"மேடம், இருபத்தேழாம் எண் இல்லாம அந்தச் சுவர்..."

"அவ சொன்னது காதுல விழலையா, ஹால்ஸ்டெட்?" என்றாள் வெர்னா.

மைதானம் திறந்த அன்று நாங்கள் போயிருந்தோம். சுவரில் இருபத்தேழுக்கான கண்ணாடிப் பெட்டியில் லெஸ்டரின் பெயர் மட்டும் இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் என்னைப் பொதி சுமக்கவைத்துவிட்டு, கடைசியில் வெறும் பெட்டி! எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்தால், எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் இருபத்தேழாம் எண். கொரின் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அரை நூற்றாண்டுக் கம்பளி, நல்ல வெயில், வியர்வை. போதாக்குறைக்கு அவள் கையில் கடுகு சாஸ் வழிய வழிய ஒரு ஹாட்டாக் ரொட்டி. அது எந்த நேரமும் மடியில் சொட்டலாம்.

வெர்னா என் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் விரல் எலும்பு நொறுங்கும் போல இருந்தது.

"போய்ச் சொல்லேன்" என்றேன்.

பல்லைக் கடித்துக்கொண்டு மைதானத்தையே பார்த்தாள். "அவ சட்டை" என்றாள். "அவ தேய்க்கட்டும்."