கொடிக்கயிறு அளந்த நூறு மீட்டர்

"எல்லாம் குத்துமதிப்பும்மா! ஒருத்தராச்சும் அளந்து பார்க்குறாங்களா?"

பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக் கீழ போடுறதுக்கு முன்னாடியே பவானேஸ்வரிக்குத் தினமும் இதே புலம்பல்தான். மலேசியாவுல ரெம்பியாங்கிற ஊர்ல படிவம் நாலு படிக்கிறா, பதினாறு வயசு. பள்ளி மாத இதழுக்கு விளையாட்டுச் செய்தி எழுதுறவ அவதான். கோல் அடிச்சவன் சொல்ற கணக்கை நம்பமாட்டா. கோல் விட்டவன்கிட்டயும் போய்க் கேட்டுக்குவா. அம்மா இந்திராதேவி இப்பத்தான் இறக்கி வச்ச ரசத்தைக்கூட மோந்து பார்த்துட்டு, "நேத்து வச்சதுதானே?"ன்னு கேட்கிற மூக்கு அது.

போன மாசம் வீட்டுத் துணிக்கொடி காணாமப் போச்சு. ஈரத்துணி வாளியில நாறுது, மகளையும் காணோம். எவன்கூட நிக்கிறாளோன்னு இந்திராதேவி தேடிக் கிளம்பிட்டா. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கிட்டுப் பள்ளிப் பாடாங்கு மைதானத்துக்குப் போனா, மக புல்லுல முட்டி போட்டுக் கயித்தை இழுத்துக்கிட்டு இருக்கா. மறுமுனையில கூட்டாளி நூர் ஹிதாயா.

"மூணு வருசமா இங்க ரெக்கார்டு உடையுது. மாவட்டத்துக்குப் போனா எல்லாரும் கடைசி. எப்படிம்மா?"

பத்து மீட்டர் கயிறு ஒன்பது தடவை விழுந்துச்சு. மேல ரெண்டு மீட்டர், அவ்வளவுதான். மூணு வருசம் முன்னாடி புதுக் கால்வாய் வெட்டினப்ப முடிவுக்கோட்டை உள்ள தள்ளிப் போட்டிருக்காங்க. இந்த வருசம் அந்த 'நூறு மீட்டர்'ல ரெக்கார்டு உடைச்சவ, கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்ன அதே ஹிதாயாதான்.

"ரெக்கார்டு பலகையில பேர் எழுதியாச்சு. உன் கூட்டாளிதானே, விட்டுடு லா"ன்னாரு விளையாட்டு வாத்தியார் தனபாலன்.

பவானேஸ்வரி விடல. 'ஹிதாயா தொண்ணூத்திரண்டு மீட்டரைப் பதிமூணு விநாடியில் ஓடினார்'னு இதழ்ல எழுதிட்டா.

ஒரு வாரம் ஹிதாயா முகம் கொடுத்துப் பேசல. மாவட்டக் குழுவுல சேரணும்னா நூறு மீட்டரைப் பதினாலு விநாடிக்குள்ள ஓடணும். எட்டு மீட்டர் கூடினா இடம் இருக்குமோ போகுமோ. ஆனா ரோஷக்காரி, நேரா வந்து நின்னா.

"முழு நூறும் ஓடுறேன்டி. நீயே வாட்ச்சைப் பிடி."

"நான் மாட்டேன். உனக்காக என் கட்டைவிரல் முந்திக்கும்."

வர்ற திங்கக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஓட்டம். வாட்ச்சு பிடிக்க வாத்தியாரையும் நம்பல, அம்மாவையும் நம்பல. ரெம்பியா பக்கம் இருக்கிறவங்க ஒரு எட்டு போய்ப் பாருங்க. முடிவுக்கோட்டுல ரெட்டைச் சடை, கழுத்துல கொடிக்கயிறு, அதான் பவானேஸ்வரி. நீங்க யாரு எவருன்னு தெரியாதுங்கிறதாலேயே ஸ்டாப்வாட்ச்சை உங்க கையில திணிச்சுட்டு, ஓட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிப்பா.