தெலேசியா அக்கா நம்பாத காயம்

தெலேசியா அக்கா யார் சொல்வதையும் முதல் தடவையில் நம்பமாட்டாள். சவாயித் தீவில் எங்கள் ஊருக்குச் சுளுக்கு எடுப்பவள் அவள்தான். தென்னையிலிருந்து விழுந்தேன் என்று வருபவனிடம், "மரம் தள்ளுச்சா, பியர் தள்ளுச்சா?" என்று கேட்டபடியே எண்ணெய் தடவுவாள்.

பதினேழு வயது அலாபதி எங்கள் ரக்பி அணியின் நம்பிக்கை. அவன் ஒரே மாதத்தில் மூன்றாவது முறையாகக் கை வீங்கி வந்தான். கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

"எங்காளு குத்துனா பன்னியே மல்லாந்துடும்க்கா!"

"மேட்ச் முடிஞ்சு மாசம் ஆச்சு. எந்தப் பன்னிடா?"

"சுவத்துல இடிச்சுக்கிட்டேன்" என்றான் அலாபதி.

"சுவரு நடந்து வந்துச்சோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் மட்டும் கையை இழுத்துக்கொண்டான்.

அக்கா நேராக என்னிடம் வந்தாள். நான் அவள் கூடப்பிறந்த தம்பி, எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி, மாவட்ட மருத்துவமனையில் செவிலியன். அவனே கையைச் சுவரில் குத்திக்கொள்கிறானோ என்று அவள் கேட்டதும் விளக்கம் கொடுத்தேன்: "தன்னைக் காயப்படுத்திக்கிறது வேற, சாக நினைக்கிறது வேற. மனசு தாங்காதப்ப சிலர் அப்படிச் செய்வாங்க."

"வேறதான். இவன் எதுல இருக்கான்னு உனக்கெப்படித் தெரியும்?"

படித்த பாடத்தின் மறுபாதியை நான் சொல்லியிருக்கவில்லை: அப்படித் திரும்பத் திரும்பச் செய்யும் இளம்பிள்ளைகள் பின்னாளில் சாக முயலும் ஆபத்து அதிகம், நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது.

அதையும் சொன்னேன். இருவரும் அவன் வீட்டுக்குப் போனோம். அலாபதி சமையல் கொட்டகையில் சேப்பங்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சாகணும்னு தோணுதாடா?"

"இல்லக்கா."

"இவ்ளோ சீக்கிரம் சொன்னா நான் நம்பமாட்டேன்."

கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்தான். பிறகு பேசினான். "நியூசிலாந்து டீம்ல என்னை எடுக்கல. அப்பா முன்னாடியே சர்ச்சுல எழுந்து, நான் தேர்வாயிடுவேன்னு சாட்சியே சொல்லிட்டாரு. முதல்ல கை வலிச்சா போதும்னு இருந்துச்சு. இப்ப அது போதல. சில நாள்... ஆமா, தோணுது. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணமாட்டேன். நீயே சொல்லு. நான் கூட இருக்கேன்."

சொன்னான். அவன் அம்மா திட்டவில்லை. உடுப்பை மாற்றிக்கொண்டு எங்களுடன் பேருந்தில் ஏறினாள். மருத்துவமனையில் அக்காவுக்கு டாக்டர் மேலேயே சந்தேகம். "அடுத்த வாரம் வான்னு திருப்பி அனுப்பமாட்டீங்களே?" என்று இரண்டு முறை கேட்டாள். அன்றே மனநல ஆலோசகர் அவனைப் பார்த்து முடிக்கும்வரை பெஞ்சை விட்டு எழவில்லை.

நான்கு மாதம் ஆகிறது. அவன் வாராவாரம் ஆலோசகரிடம் போய் வருகிறான். போன ஞாயிறு ஆராதனை முடிந்து அம்மாவுடன் வந்தவனை அக்கா வழிமறித்தாள்.

"நல்லா இருக்கேன்க்கா."

"அதைக் கேக்கல. அந்த நெனப்பு வந்துச்சா?"

"செவ்வாக்கிழமை வந்துச்சு. உடனே அம்மாவைக் கூப்பிட்டுட்டேன்."

அக்கா அவனுக்குப் பின்னால் நின்ற அம்மாவைப் பார்த்தாள். அவள் ஆமாம் என்று தலையசைத்த பிறகுதான் வழி விட்டாள்.