பருப்பு அவிகிற தண்ணீர்

இந்த ஒல்லாந்து நாட்டில் மிசின் பூட்டி நல்ல தண்ணீரை அள்ளிக் கடலில் ஊற்றுகிறார்கள். வந்த முதல் கிழமை எங்கள் ஆராய்ச்சிக் கந்தோர் யன்னலுக்குக் கீழே மிசின் இரைந்தபோது, யாரோ தோட்டத்துக்கு இறைக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். தோட்டத்தைக் காணோம். நிலம் கடலைவிடத் தாழ்ந்ததாம், இறைக்காவிட்டால் ஊரே மூழ்கிவிடுமாம். எனக்கோ வயிறு எரிந்தது.

யாழ்ப்பாணத்து நீரோட்டத்தைக் கணினியில் மாதிரியாக்க வந்தவன் நான். என் வரைபடத்தைக் கண்ட மேற்பார்வையாளர் வில்லெம் திகைத்துப்போய், "எங்கே உங்கள் ஆறு?" என்றார். "காலுக்குக் கீழே," என்றேன். மனுசன் மேசைக்கடியில் குனிந்து பார்த்தார்! மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து, கீரிமலையில் ஊற்றாய் வெளிவருவதை விளக்க அரை நாள் போயிற்று.

வெறும் படிப்புக்காக நான் இதைச் செய்யவில்லை. இணுவிலில் எங்கள் வெங்காயத் தோட்டத்துக் கிணறு நான் புறப்படும்போதே சவர் தட்டத் தொடங்கியிருந்தது. அண்ணன் நாளுக்கு ஆறு மணித்தியாலம் மிசின் விடுவார்; இறைக்க இறைக்க அடியிலுள்ள உப்புத் தண்ணீர் மேலே ஏறும். கிணறு உப்பானால் அவருக்கும் அண்ணிக்கும் வேறு பிழைப்பில்லை. இறைப்பைக் குறைத்தால் இரண்டு மாரியில் தண்ணீர் திருந்தும் என்றது என் மாதிரி. "எந்தக் கமக்காரன் தன் தோட்டத்துக்கு இறைப்பதைக் குறைப்பான்? யார் சோதித்துப் பார்ப்பது?" என்று வில்லெம் உதட்டைப் பிதுக்கினார்.

பிறகு சண்டையில் பாதை அடைபட்டு, மிசின் ஓடும் மண்ணெண்ணெய் ஊருக்குப் போவது நின்றது. அண்ணனின் கடிதம் எங்கெங்கோ அலைந்து வந்தது; அதைக் கந்தோரில் வைத்தே பிரித்தேன்.

"தம்பி, எண்ணெய் இல்லை. மிசின் படுத்து இரண்டு மாரி போச்சுது. நான் துலாவிலை ஏறி மிதிச்சு இறைக்க அண்ணி தண்ணி வாக்கிறா. கால்வாசித் தோட்டம்தான் செய்யிறம். ஆனா ஒரு புதினம், எங்கடை கிணத்துத் தண்ணியிலை இப்ப பருப்பு அவியுது!"

கதிரையிலிருந்து துள்ளி எழும்பி, "பருப்பு அவிகிறது!" என்று வில்லெமுக்கு அவர் மொழியிலேயே கத்தினேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்து, "சாப்பாட்டுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறதே," என்றார். சவர்த் தண்ணீரில் எவ்வளவு கொதித்தாலும் பருப்பு கரையாமல் முழுசாகவே கிடக்கும் என்று விளக்கியபிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அருமையான பரிசோதனை!" சந்தோசத்தில் எனக்குக் கைகால் நிலைகொள்ளவில்லை. வெட்கமாகவும் இருந்தது. பரிசோதனை என்று அவர் சொன்னது, அண்ணன் அரைவயிற்றோடு துலா மிதித்ததை.

கடிதத்தின் அடியில் ஒரு கேள்வி இருந்தது. "எண்ணெய் திரும்பி வந்தா நாளுக்கு எத்தினை மணித்தியாலம் மிசின் விடலாம்? நீ சொல்லுறபடி செய்வன்."

அன்று பின்னேரமே மாதிரியை ஓடவிட்டுப் பார்த்து எழுதினேன். "இரண்டு மணித்தியாலம், அண்ணை. அதுக்கு மேலை வேண்டாம்."

அது போய்ச் சேர்ந்ததோ தெரியாது. யன்னலுக்குக் கீழே காலை எட்டு மணிக்கு மிசின் இரையத் தொடங்குகிறது. நிற்பாட்டினால் இந்த ஊர் மூழ்கிவிடும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் பத்து மணியானதும், அதை நிற்பாட்டப் போகிறவன் மாதிரி கதிரையை விட்டு எழும்பிவிடுகிறேன்.