வள்ளித்தாய் கேட்ட மறதி

அச்சன்புதூரில் போலீஸ்காரர் வீடு எது என்று கேட்டால் நான்கு வீட்டைக் காட்டுவார்கள். அருவிப் போலீஸ் வீடு என்று கேட்டால் ஒரே வீடுதான், சொரிமுத்துவின் வீடு. ஒரு சாரல் காலத்தில் ஐந்தருவியில் திடீரென்று வெள்ளம் வந்தபோது, இழுத்துக்கொண்டு போன குழந்தையைப் பிடித்துக் கரைசேர்த்தவர் அவர். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு. துறையில் நற்சான்றிதழ் கொடுத்தார்கள், பேப்பரில் படம் வந்தது. முப்பது வருஷம் ஆன பிறகும் கல்யாண வீட்டில் அவரை யாருக்காவது அறிமுகப்படுத்துகிறவர்கள் அந்தக் குழந்தையில் இருந்துதான் ஆரம்பிப்பார்கள்.

குழந்தையின் தாயைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவள் கையும் அன்று அவர் பிடியில்தான் இருந்தது. ஒரு கையில் பிள்ளை, மறு கையில் தாய். தாயின் கை நழுவிவிட்டது. வெள்ளம் வடிந்து ஒரு மாதம் கழித்து, அன்று அவருடன் டூட்டியில் நின்றவரின் வீட்டுக்காரி சொல்லித்தான் இது அவர் மனைவி வள்ளித்தாய்க்கே தெரியும். சொரிமுத்து அதைப் பற்றி அன்றும் வாய் திறக்கவில்லை, பிறகும் திறக்கவில்லை.

பகலில் திறக்காத வாய் தூக்கத்தில் திறந்தது. வாரத்தில் நாலு நாள் அலறிக்கொண்டு எழுவார், பிறகு விடிகிற வரைக்கும் உட்கார்ந்தே இருப்பார். வாளியில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டால் சாப்பிட்ட கையோடு தெருவுக்குப் போய்விடுவார். வள்ளித்தாய் குழாயின் வாயில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, தண்ணீர் சத்தமில்லாமல் வாளிக்குள் வழிகிற மாதிரிக் கட்டிவைத்தாள். சீசன் வந்தால் ஊர் உலகமெல்லாம் குற்றாலத்துக்கு வந்து குவியும். இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு அந்த வீட்டில் மட்டும் யாரும் அருவிப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. மூன்று வயது மகள் அபியை அங்கே கூட்டிக்கொண்டு போக வந்த தாய்மாமனை அவர் அடிக்கவே போய்விட்டார்.

டாக்டரிடம் காட்டலாம் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அந்தக் குடும்பத்தில் மூன்று பேர் போலீஸ், ஒருவர் பட்டாளம். மண்டைக்கு வைத்தியம் பார்க்கப் போனால் காக்கியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று மாமனார் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். பிள்ளையைக் காப்பாற்றியவனுக்கு என்ன வியாதி என்றும் கேட்டார். அதற்குமேல் அவள் யாரிடம் போவாள்? ஊர் அம்மனிடம் போனாள். செவ்வாய்க்கிழமை தவறாமல் போய், அவருக்கு அது மறந்துபோக வேண்டும், மறந்தால் பொங்கல் வைத்து மாவிளக்கு எடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டாள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அவள் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

சொரிமுத்து ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் கழித்து, அறுபத்துநாலாவது வயதில், அலறல் நின்றது. முதல் வாரம் வள்ளித்தாய்க்குப் பயமாகத்தான் இருந்தது. அடுத்த மாதமும் அவர் குழந்தை மாதிரித் தூங்கியதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இடையில் ஒரே நாளில் இரண்டு முறை மீன் வாங்கி வந்தார். சொந்த வயலுக்குப் போகிற வரப்பில் நின்று வழி கேட்டார். அபியைத் தன் தங்கச்சி பேர் சொல்லிக் கூப்பிட்டார். பக்கத்து வீட்டுக் குருவம்மாள் இதென்ன இப்படி என்று கேட்டபோது வள்ளித்தாய் சிரித்தாள்.

"பெரிய பாரத்த எறக்கி வைக்கும்போது கூட நாலு சாமான் சேந்து எறங்கத்தானே செய்யும். எறங்கட்டும்" என்றாள்.

பொங்கல் வைத்து, மாவிளக்கும் எடுத்தாள். அவளைக் குறை சொல்ல மனசு வரவில்லை. அத்தனை வருஷம் பக்கத்தில் படுத்து அந்த அலறலைக் கேட்டவள் அவள்தான். ஆனால் அந்தச் சந்தோஷத்தில் ஒன்றரை வருஷம் வீணாய்ப் போயிற்று.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் அபி லீவில் வந்தபோது, தென்காசி பஸ் ஸ்டாண்டில் எந்த பஸ்ஸில் ஏறுவது என்று தெரியாமல் தகப்பன் மூன்று மணி நேரம் நின்றிருந்த விஷயம் தெரிந்தது. மறுநாளே தென்காசியில் டாக்டர் ஸ்ரீவித்யாவிடம் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் அவரிடம் தேதி கேட்டார், கடிகாரம் வரையச் சொன்னார். சொரிமுத்து வட்டம் போட்டு, எண்களையெல்லாம் ஒரே பக்கத்தில் நெருக்கி எழுதிவிட்டு, சரிதானே என்பதுபோல் நிமிர்ந்து பார்த்தார். வள்ளித்தாயால் அந்தத் தாளைப் பார்க்க முடியவில்லை.

தலையில் அடிபட்டதுண்டா, குடிப்பாரா, மனசை உலுக்குகிற மாதிரி எதுவும் நடந்ததா என்று டாக்டர் கேட்டுக்கொண்டே போனார். ஒன்றும் இல்லை, அப்பா ரொம்பத் தைரியமான ஆள் என்றாள் அபி. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வள்ளித்தாய், அப்பாவுக்கு ஒரு டீ வாங்கிக் கொடு என்று மகளை அவருடன் வெளியே அனுப்பிவிட்டு, அருவியில் நழுவிய கையை முதன்முதலாக இன்னொருவரிடம் சொன்னாள். அலறலைச் சொன்னாள். நேர்ந்துகொண்டதையும் மறைக்கவில்லை.

"நான் கேட்டுக் கேட்டுத்தான் அவியளுக்கு இது வந்துச்சா டாக்டரம்மா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "நீங்க கேட்டதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. அந்த மாதிரி அதிர்ச்சியோட வருஷக்கணக்கா வாழுதவங்களுக்கு, மத்தவங்களவிட இந்த மறதி நோய் வர்றதுக்கு வாய்ப்பு கூடுதல்னு பாத்திருக்காங்க. இவருக்கு அதனாலதான் வந்துச்சுன்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா அந்த அலறலுக்கு அப்பமே வைத்தியம் இருந்துச்சு."

பிறகு, மெதுவாக, இன்னொன்றும் சொன்னார். இந்த நோயில் பெரும்பாலும் புதிசுதான் முதலில் போகும், பழசு நிற்கும். நீங்கள் போகவேண்டும் என்று நினைத்தது கடைசி வரைக்கும் இருக்கலாம், திரும்பி வந்தால் அவரோடு வாதாட வேண்டாம் என்றார். வள்ளித்தாய் தலையாட்டினாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பயம்தான். வயல் மறக்கட்டும், தேதி மறக்கட்டும், தன்னை மட்டும் மறந்துவிடக் கூடாது. காலையில் காபி கொடுக்கும்போது நான் யார் என்று கேட்பாள். முதலில், "ஏட்டி, கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு?" என்று வைதார். அந்த வசவு அவளுக்குத் தேனாக இருந்தது. மழைக்காலம் வந்தபோது, நம்ம வீட்டு ஆள் என்றார். தை பிறந்த பிறகு டம்ளரை வாங்கிக்கொண்டு சும்மா சிரித்தார். அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

ஆனி மாதத்தில் ஒருநாள் முற்பகல். வெளியே சாரல் பொசுபொசுவென்று விழுந்துகொண்டிருந்தது. பின்கட்டில் அவரை முக்காலியில் உட்காரவைத்து, வெந்நீர் விளாவி, தோளில் ஊற்றினாள். இரண்டாவது செம்பு ஊற்றும்போது அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அறுபத்தாறு வயது மனிதருக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, வளையல் சதையில் அழுந்தியது.

"கெட்டியாப் புடிச்சுக்கோ தாயி. கைய விட்டுராத. பிள்ள எங்கிட்டதான் இருக்கு."

முப்பது வருஷமாக அவர் சொல்லாததை அப்போதுதான் கேட்டாள். அவர் கண் அவள் முகத்தில்தான் இருந்தது, ஆனால் பார்த்தது அவளை இல்லை. டாக்டர் சொன்னது நினைவில் இருந்தும் அவளால் பொறுக்க முடியவில்லை.

"நான் வள்ளித்தாய். ஒங்க பொண்டாட்டி" என்றாள்.

"வள்ளித்தாயா?" அவருக்கு மூச்சு இரைத்தது. "அவ வீட்டுல இருக்கா. சோறு பொங்கி வச்சிட்டு என்னயத் தேடிக்கிட்டு இருப்பா. நீ கைய விட்டுராத தாயி."

அந்தப் பேர் அவருக்கு மறக்கவில்லை. அந்தப் பேருக்கு உரியவளைத்தான் தெரியவில்லை. இன்னொரு தடவை சொன்னால் தெரியுமோ, முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் தெரியுமோ என்று வள்ளித்தாய்க்கு ஒரு ஆசை வந்தது. ஆனால் அவர் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தக் கை மறுபடியும் நழுவப்போகிறது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டு, யாரோ ஒரு வெளியூர்க்காரி பேசுவதுபோல் பேசினாள்.

"விடுங்க அண்ணாச்சி. நான் கரையேறிட்டேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தான். இங்கன பாருங்க, தரையிலதான நிக்கேன். பிள்ளயும் எங்கிட்ட வந்துட்டு."

அவர் அவள் காலைப் பார்த்தார். பின்கட்டுச் சிமெண்ட் தரையைப் பார்த்தார். விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அப்புறம் அவர் அழுதார். தன்னைப் பெற்றவள் செத்தபோதும் அழாத மனிதர் வாய்விட்டு அழுதார். அவள் தடுக்கவில்லை.

அழுது முடித்ததும், "அப்ப நான் வீட்டுக்குப் போவட்டா?" என்று கேட்டார். "வள்ளித்தா தேடுவா."

"போங்க அண்ணாச்சி" என்றாள் வள்ளித்தாய். "பாவம், ரொம்ப நேரமாக் காத்துக்கிட்டு இருப்பா."

துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டிவிட்டு, கையைப் பிடித்து மெதுவாக வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.